சிவப்பு எந்தப் பக்கம்

“சிவப்பு மேலதாங்க வரணும். அந்தி வானம் அது,” என்றாள் நித்திலா.

“கீழ வரணும்டி. செம்மண்ணு. மேல மழை இறங்குது பாரு,” என்றான் குமரவேல்.

பாதி சிவப்பு, பாதி சாம்பல், வேறெதுவுமில்லாத அந்த ஓவியத்தைப் புது வீட்டுக்கென்று சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். மாட்டிய அன்றே பேச்சு நின்றுபோயிற்று. காலையில் அவள் திருப்பி மாட்டுவாள், மாலையில் அவன். அந்தியும் மழையும் மாறிமாறி வந்த கூடத்தில் பத்து நாளாக யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

பதினோராம் நாள் ஓவியம் பக்கவாட்டில் தொங்கியது. சிவப்பு வலப்புறம் இருந்தது. மாட்டியது யாரென்று இருவரும் கேட்கவில்லை. சரியாகப் பார்க்க அவன் வலப்பக்கம் தலையைச் சாய்த்தான். அவனருகே நின்றவள் இடப்பக்கம் சாய்த்தாள். தலைகள் முட்டின, விலகவில்லை.

“மழை வருதுங்க,” என்றாள் அவள்.

அவன் அந்தி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருட்டப்போகுது நித்தி. வா, சாப்பிடலாம்.”