நாலாவது தட்டு

"உக்காந்து சாப்பிடேன்டா! எங்ககூட உக்காந்தா உன் பேங்க் உத்தியோகம் குறைஞ்சு போயிடுமா?" அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான் மகன். அவனோடு ஒரு வேளை சேர்ந்து சாப்பிடத்தான் மகளையும் மருமகனையும்கூட வரவழைத்திருந்தார். வந்த ஐந்து நாளும் அவன் நின்றுகொண்டே எல்லோருக்கும் பரிமாறினான். எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டான்.

"இருக்கட்டும்ப்பா. தண்ணி ஊத்தட்டுமா?"

"தண்ணி கிடக்கட்டும். துரை நம்மகூட உக்கார மாட்டாராம்!" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"நாளைக்குக் கிளம்புற பிள்ளை. இன்னிக்காவது திட்டாம இருங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே போய்க் கை கழுவிவிட்டுத் திரும்பினார். மகன் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தான். இடது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை வரிசையாக நாலு தட்டு. வலது கையில் துணி. ஒரே இழுப்பில் மேஜை சுத்தம்.

அப்பா அவன் கையைப் பார்த்தபடியே பக்கத்தில் வந்தார்.

"நாலாவது தட்டை உள்பக்கமா சாய்ச்சுப் பிடி. இல்லேன்னா எச்சில் சட்டையில கொட்டும்."

மகன் நிமிரவில்லை. "என் பிள்ளை தட்டு தூக்க மாட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்க. அதான்ப்பா, பேங்க்னு..."

"முப்பது வருஷம் ஹோட்டல்ல தூக்கினவன்கிட்டயே கதை விட்டியா?"

தட்டுகளை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

"லீவு நாள்லயாவது உக்காருடா. நான் பரிமாறுறேன்."