பக்கத்து மேசைத் தட்டு

எங்கள் ஆலையில் புற்றுநோய் மருந்துக்கான தங்கத் துகள்களுக்கு மேலுறை பூசுகிறோம். பூசியபின், பூச்சில் கலந்த சோப்பு போக ஐந்து முறை கழுவ வேண்டும். மிச்சம் நின்றால் உடம்பின் செல்கள் செத்துவிடும். அதனால் அவரவர் கழுவிய துகளை அவரவர் உள்கன்னத்தில் சுரண்டித் தட்டில் வளர்த்த செல்லில்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி.

நான் இரண்டு முறைதான் கழுவுவேன். பிறகு தூங்கிவிடுவேன். என் செல்கள் ஒவ்வொரு முறையும் செத்தன. பக்கத்து மேசை ஜெசிந்தா அக்கா ஒன்று கெட்டாலும் இருக்கட்டும் என்று எப்போதும் இரண்டு தட்டு போடுவாள். செல் சாகாத அவளுடைய உபரித் தட்டாகப் பார்த்து என் பெயரை ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

இரவு ஷிப்ட் முடிந்து இன்று காலை கை கழுவும்போது அவள் சொன்னாள்: "ஏலே அமலா, எங்கம்மைக்கு ஒன் மருந்தத்தாம்ல கேட்டு வாங்கியிருக்கேன்."

"ஒன்னோடத வாங்க வேண்டியதுதான?"

"என் தட்டுல மாசம் ஒண்ணு செல்லு செத்து ஊத்திக்கிடுது. ஒனக்கு ஒருநாளும் செல்லு செத்ததில்ல. சோம்பேறிக்குத்தாம்ல கைராசி."

"ஊசி எப்ப?"

"பத்து மணிக்கு."

மணி ஏழரை. உண்மையைச் சொல்லாமல் தடுக்க வழி உண்டா என்றுதான் முதலில் யோசித்தேன். இல்லை. உள்ளே போய், இன்று கொடுக்க வைத்திருந்த தட்டை எடுத்துவந்து, ஒட்டிய பெயரை உரித்துக் காட்டினேன். அடியில் அவள் பெயர், அவள் கையெழுத்தில்.

அக்கா திட்டவில்லை. ஈரக் கையோடு போனை எடுத்து, அம்மையிடம் ஊசி வேண்டாம் என்றாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏன்னு அம்மை கேக்கா. நீயே சொல்லு."