ஆரம்பம்தானே?

வாசலில் டாக்ஸி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அலமாரியிலிருந்து தடிமனான ஆங்கிலம்–தமிழ் அகராதியை உருவி, பரபரவென்று பக்கங்களைப் புரட்டினாள்.

நாற்காலியை விட்டு அசைய மறுத்தார் கணவர். "எனக்கு ஒரு மண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு? டாக்டர் என் வியாதிய இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரே..."

"இன்சிப்பியன்ட்."

"அதுக்கு அர்த்தம் சொல்லு. அப்புறம் வர்றதா வேணாமான்னு முடிவு பண்றேன்."

அவள் படித்தாள். "'இப்போதுதான் தலைகாட்டுகிற, தொடக்க நிலையிலுள்ள.'"

"பாத்தியா! ஆரம்பம்தானே? அடுத்த மாசம் போய்க்கலாம். டாக்ஸிய அனுப்பிடு."

"அவசரப்படாதீங்க, இன்னும் இருக்கு. 'பெரும்பாலும் நோய், கலவரம், விரிசல் போன்ற வேண்டாதவற்றுக்கே இச்சொல் வரும். அரும்பும் காதலுக்கு இதைப் போட்டால் காதலி கோபித்துக்கொள்வாள்.'"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பலே! சரியான குசும்புக்காரனா இருப்பான் போலிருக்கே. யாரு எழுதினது?"

அவள் முகம் வெளுத்தது. "விளையாடாதீங்க."

"நெஜமாத்தான் கேக்கறேன். இந்தப் புஸ்தகம் இத்தன நாளா என் கண்ணுல படவே இல்லையே!"

டாக்டர் சொன்ன ஆரம்ப நிலையை நோய் எப்போதோ தாண்டிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துபோனது. அகராதியை மூடி, பின்னட்டையை அவர் பக்கம் திருப்பினாள்.

'தொகுப்பாசிரியர்' என்ற எழுத்துகளுக்கு மேலே இருந்த புகைப்படத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர், அவள் கணவர்.