நடக்கும் புள்ளி

ஜன்னலோர வெயிலில், ஒற்றை மொட்டு விட்ட ரோஜாத் தொட்டியின் முன் அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கையில் அங்கே பிடிக்கும் அதே பூதக்கண்ணாடி. இலைகளுக்கிடையே மயிரிழை போல வலை மின்னுகிறது. சிலந்திப்பேன், இலைச்சாற்றை உறிஞ்சும் ஊசிமுனைப் பூச்சி. ஒரு வாரமாக நான் மருந்தடித்தும் போகவில்லை. "தூக்கிப் போட்டுடலாம்க்கா, மத்த செடிக்கும் பரவிடும்" என்கிறேன். "நீ மேலயே அடிச்சிருக்கே. அது குடியிருக்கிறது அடியில" என்று தலை நிமிராமல் சொல்கிறாள். ஒவ்வோர் இலையையும் குழந்தையின் காதுமடலைப் போல மெதுவாகத் திருப்பி, சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைக்கிறாள். பஞ்சில் செம்பழுப்புக் கறை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று மணி நேரம். ஓர் இலையைக்கூட அவள் தாண்டவில்லை. நானாயிருந்தால் பத்தாவதிலேயே எழுந்திருப்பேன். கடைசி இலையும் முடிந்ததும் வெள்ளைத் தாளை விரித்து, கிளையை விரலால் தட்டுகிறாள். ஏழெட்டுப் புள்ளிகள் விழுகின்றன. "தூசிதான்" என்கிறேன். "பொறு, நடக்குதான்னு பாப்போம்." இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறோம். தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி மெல்ல நடக்கத் தொடங்குகிறது. அக்கா புதுப் பஞ்சைக் கிள்ளி நனைத்து, மறுபடி முதல் இலையைத் திருப்புகிறாள்.