ஒரேயொரு நட்சத்திரம்

“மருந்தை மாத்திக் குடுத்தியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு, புள்ள.”

சுதாகரன் கேட்டதும் கண்ணகை அவர் முன்னால் வந்து நின்றாள்.

“சத்தியமா இல்ல, சேர். நான் போற வீடு ஒண்டிலயும் ஒருநாளும் மாறிக் குடுக்கல்ல.”

வயதானவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க ஆள் அனுப்பும் சேவை ஒன்றை மட்டக்களப்பில் நடத்தி வந்தார் சுதாகரன். அவரிடம் வேலை செய்தவர்களில் கண்ணகைக்குத்தான் நல்ல பெயர். அந்தப் பெயர் நேற்றோடு போயிற்று. அவருடைய சேவைக்கு இணையத்தில் யாரோ ஒரேயொரு நட்சத்திரம் போட்டு, கீழே நாலு வரியும் எழுதியிருந்தார்கள்.

சுதாகரன் தன் போனைப் பார்த்து உரக்க வாசித்தார்.

“‘கண்ணகை என்ற பெண் மருந்தை மாற்றிக் கொடுக்கிறார். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வாசலில் நின்று போன் கதைக்கிறார். நம்பி வீட்டுக்குள் விட வேண்டாம்.’ எழுதின ஆள்ட பேரு ‘வாவிக்கரை’யாம். இந்த ஊரில ஆரெண்டு தேடுற?”

யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருந்த பிறிசில்லா தலையை நிமிர்த்தினார். புளியந்தீவில் இருந்த அந்தப் பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான். விழுந்து இடுப்பு முறிந்த நாளிலிருந்து கண்ணகைதான் வந்து பார்க்கிறாள்.

“அந்தப் புள்ள அப்பிடிச் செய்யிற ஆள் இல்ல, தம்பி,” என்றார் அவர். “என்னைக் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, கையப் பிடிச்சு நடக்கப் பழக்கினது அவதான். வயித்தில பிறந்தது ஒண்டு இருந்திருந்தாக்கூட இப்பிடிப் பாத்திராது.”

“எனக்கும் தெரியும், அன்ரி. ஆனா கொழும்பு ஆக்களுக்குத் தெரியாதே.”

கொழும்பில் ஒரு குடும்பம் தங்கள் தாயாரோடு அவுஸ்திரேலியாவுக்குப் போக இருந்தது. தாயாரைப் பார்த்துக்கொள்ளக் கண்ணகையைத் தெரிவு செய்து, அவளுக்கு விசாவுக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நேற்று அந்த நாலு வரியை வாசித்துவிட்டு, இந்தப் பெண் வேண்டாம் என்று சுதாகரனிடம் சொல்லிவிட்டார்கள்.

“இண்டைக்குப் பின்னேரம் வேற ஆளை எடுக்கப் போறாங்களாம்,” என்றார் சுதாகரன்.

“எடுக்கட்டும்,” என்றார் பிறிசில்லா சட்டென்று. “அவ இஞ்சயே இருக்கட்டுமே.”

“இஞ்சயும் இருக்க ஏலாது, அன்ரி. இவ பாக்கப் போற அமிர்தகழி அன்னப்பூரணி அம்மாட மகன் காலமையே கோல் எடுத்து, அந்தப் புள்ளய இனி வீட்டுப் பக்கம் அனுப்ப வேணாம் எண்டுட்டார். மருந்து விசயம் விளையாட்டில்ல. நாளைக்கு ஆருக்காவது ஒண்டு நடந்தா என்னைத்தான் பிடிப்பாங்க. இண்டையோட இவவை நிப்பாட்டுறன். உங்களுக்கு வேற ஆள் வரும்.”

“நிப்பாட்டுறதா?” பிறிசில்லா கதிரையிலிருந்து எழப் பார்த்தார். “அப்ப இவ என்ன செய்யிற?”

சுதாகரன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

கண்ணகை அழவில்லை. பிறிசில்லாவின் கால் முக்காலியிலிருந்து சரிந்திருந்தது. குனிந்து அதைத் தூக்கி வைத்தாள்.

“பரவால்ல, அன்ரி. பாஸ்போட் வந்த அண்டைக்கு முதல்ல உங்களுக்குத்தானே கொண்டு வந்து காட்டின. ஊரே நம்பாட்டியும் நீங்க என்னை நம்புறீங்க. அது போதும்.”

பிறிசில்லா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுதாகரனுக்கும் மனம் கேட்கவில்லை. “ஒரு வழி இருக்கு. அன்ரி, நீங்க ஒரு ரிவியூ எழுதுங்க. இத்தின நாளும் இவ உங்களை எப்பிடிப் பாத்தவ எண்டு, உங்கட பேரைப் போட்டு எழுதுங்க. உடனே கொழும்புக்கு அனுப்பிருவன். அன்னப்பூரணி அம்மாட மகனுக்கும் காட்டலாம்.”

“எனக்கு எழுத்துச் சரியாத் தெரியல்ல, தம்பி.”

“நீங்க சொல்லுங்க, அன்ரி. நான் தட்டித் தாறன்,” என்றாள் கண்ணகை. “உங்கட போனைத் தாங்க.”

போன் பிறிசில்லாவின் மடியில் இருந்தது. அவர் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

“பிறகு எழுதுவம். நீங்க போங்க, தம்பி. நான் ஆறுதலா யோசிச்சு...”

“பிறகு எழுதிப் பிரயோசனம் இல்ல.” சுதாகரன் எழுந்தார். அவர் முகம் இறுகியிருந்தது. “உங்களுக்கே எழுத மனம் இல்லாட்டி, நான் என்ன சொல்ல? கண்ணகை, அன்ரிட வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டு வா.”

கண்ணகை கைப்பையிலிருந்து வாசற்கதவின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். பிறிசில்லாவைக் கேள்வியோடு ஒருமுறை பார்த்தாள். பிறகு வாசலை நோக்கி நடந்தாள்.

“நில்லு, புள்ள.”

அவள் திரும்பினாள். பிறிசில்லா கையை நீட்டி அவளை அருகே அழைத்தார். போனை எடுத்துக் கண்ணகையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடிவிட்டார்.

“இந்தா. நீயே திற.”

கண்ணகை அவசரமாகச் சேவையின் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எழுதுவதற்கு இடம் தேடிய விரல் அப்படியே நின்றது.

“என்ன புள்ள, நெற் இல்லியா?” என்றார் சுதாகரன்.

திரையில் ‘உங்கள் மதிப்புரை’ என்றிருந்தது. அதன் கீழே ஒரேயொரு நட்சத்திரமும், அவளைப் பற்றிய அதே நாலு வரியும் இருந்தன.

“நீ என்னை விட்டுட்டுப் போயிருவாய் எண்ட பயத்தில எழுதினது, மகள்,” என்றார் பிறிசில்லா. “அதை அழிச்சுப்போட்டு, நீ போ.”