நத்தை தேடிய கனம்

தினமும் சுவரேறிப் பழகி உடம்பு உரமேறிய ஒரு நத்தைக்குத் தன் ஓடு கனக்கவே இல்லை என்று கவலை வந்தது. பக்கத்துச் செடியிலிருந்த வண்டிடம், "அண்ணே, கொஞ்சம் என் முதுகில் ஏறி உட்காருங்க" என்றது. வண்டு உட்கார்ந்தது. நத்தைக்கு மூச்சு வாங்கியது, சந்தோஷமாக இருந்தது.

சில வாரங்களில் வண்டும் கனக்கவில்லை. "இன்னும் நல்லாச் சாப்பிடுங்கண்ணே" என்று நத்தை கெஞ்சியது. நட்புக்காக வண்டு செடியையே தின்று தீர்த்தது.

ஒருநாள் சுவர்மேல் ஓர் ஓணான், நத்தையின் முதுகிலிருந்த வண்டைப் பார்த்து வாயைத் திறந்தது.

"பறந்துடுங்கண்ணே."

வண்டு இறக்கையை அடித்துப் பார்த்தது. உடம்பு எழும்பவில்லை. "முடியலை தம்பி. நீதான் ஓடணும்."

நத்தை ஓடியது. அது ஓடிய அழகைப் பார்த்துச் சிரித்த ஓணான் பிடி நழுவிக் கீழே விழுந்தது.

"ரொம்பக் கனக்கிறேனாப்பா?" என்றது வண்டு.

"இப்பத்தாண்ணே சரியா இருக்கு" என்றது நத்தை.