இரண்டாவது பூச்சு

குஞ்சுக்குத் தீனியாகப் புழுவைக் கவ்விக்கொண்டு வந்த தாய்க்குளவி திடுக்கிட்டது. முட்டையிட்டிருந்த மண்கூட்டிலிருந்து பச்சையாய் மின்னும் வேறொரு குளவி வெளியே வந்தது. தாய்க்குளவி பாய்ந்து கொட்டியது. பச்சைக்குளவி பந்தாகச் சுருண்டுகொண்டதால் கொடுக்கு இறங்கவில்லை. ஆத்திரத்தில் அதைக் கீழே உருட்டிவிட்டது.

"திருட்டுக் கழுதை! நல்லவேளை, புழு ஒன்றும் குறையவில்லை."

"எதையும் எடுக்காதவள் உள்ளே எதற்குப் போனாள்?" என்றது சுவர்ப்பல்லி.

"சும்மா இரு. நீ சொன்னால் பலித்துத் தொலையும்."

தாய்க்குளவி புழுவை உள்ளே திணித்து, ஈரமண்ணால் வாசலை அடைத்தது. மனம் ஆறாமல், இரண்டாவது பூச்சுக்கு மண்ணெடுக்கப் பறந்தது.

கீழே பச்சைக்குளவி மெல்லத் தலைநீட்டியது.

"நன்றாகப் பூசட்டும்," என்றது பல்லியிடம். "என் பிள்ளையும் உள்ளேதான் இருக்கிறது."